பத்தேகால் லோக்கலில் திரும்பும் தகப்பன்: மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் விசுவாசமும் வேலையும்

தாராவியின் தொண்ணூறடி ரோட்டில் தொடங்கி சயான் கோலிவாடா, செம்பூர், பாண்டுப், டோம்பிவிலி, கல்யாண் வரைக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் குடியிருக்கிற எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு வசனம் கண்ணில் படும். "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்." யோசுவா 24:15. சில வீடுகளில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், சில வீடுகளில் நிலைக்கு மேலே ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். புது வீட்டுக்கு ஜெபம் வைத்தால் விருந்தாளிகளில் யாராவது ஒருவர் அதைப் பரிசாகக் கொண்டுவந்துவிடுவார். முதிர்ந்த வயதில் யோசுவா சீகேமில் கோத்திரங்களைக் கூட்டி வைத்துச் சொன்ன வார்த்தை அது. தன் வீட்டாருக்காக நின்று பேசுகிற அந்த 'நான்' ஒரு குடும்பத் தலைவன்.

இந்த நகரத்தில் அந்த 'நான்' இரவு பத்தேகால் லோக்கல் ரயிலில் திரும்புகிறார். ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேரும்போது வீட்டார் தூங்கியிருப்பார்கள். இருப்பது ஒரு அறை, ஒரு சமையலறை. விளக்கைப் போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்று சமையலறை வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார். காலையில் அவர்கள் எழுவதற்குள் கிளம்பியாக வேண்டும். மகன் வளர்ந்திருப்பது, கோயிலுக்குப் போடும் சட்டை பத்தாமல் போகிற ஞாயிற்றுக்கிழமை அன்றுதான் அவருக்குத் தெரியவருகிறது.

விசுவாசம், குடும்பம், வேலை என்று சபைகளில் பேச்சு வரும்போது, இது ஒரு ஆளின் ஒழுங்குக் குறைவு என்ற தொனியிலேயே பேசுகிறார்கள். சீக்கிரம் எழுந்திரு, போனைக் கீழே வை, ஜெபத்துக்கு நேரம் ஒதுக்கு என்று புத்தி சொல்கிறார்கள். சொல்வதில் தப்பில்லை. ஆனால் எழுவதற்கு முன்னும் படுப்பதற்குப் பின்னும் மிச்சம் எதுவும் இல்லாத ஒருவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? இந்த நெருக்கடிக்கு ஒரு வரலாறு உண்டு. ரயிலுக்கும் வீட்டு விலைக்கும் தொழிலாளர் சட்டத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது. நம் சபைகளில் புழங்குகிற ஒரு சொல்லுக்கும் பங்கு இருக்கிறது என்பதுதான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வருவது.

விளக்கு வைத்த நேரத்து ஜெபம்

மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும் பகுதியினருக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம்தான் பூர்வீகம். மூட்டை முடிச்சோடு அவர்கள் கொண்டுவந்தவற்றில் குடும்ப ஜெபமும் ஒன்று. விளக்கு வைத்ததும் பாயை விரித்து உட்கார வேண்டும். ஒரு பாட்டு, அப்புறம் ஒரு சங்கீதத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பது, அப்பா முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவது, கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். பிள்ளைகள் பெரியவர்களுக்கு ஸ்தோத்திரம் சொன்ன பிறகுதான் சாப்பாடு. கத்தோலிக்க வீடுகளில் அதே நேரத்தில், அதே பாயில், செபமாலை.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் பழைய போதனை ஒன்று உண்டு. மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் பகுதிகளுக்கு, வீட்டுத் தலைவன் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய விதம் என்றே தலைப்பிட்டார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். வேதபாடத்துக்கு வீட்டில் முதல் பொறுப்பாளி தகப்பன் என்ற எண்ணம் இப்படித்தான் நம் புராட்டஸ்டன்டு வீடுகளில் ஆழ வேரூன்றியது.

ஆனால் தகப்பன் விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பான் என்பதை அந்தப் போதனை கேள்வி கேட்காமலே எடுத்துக்கொண்டது. ஊரில் அது பொருந்தியது. பனையேறுகிறவர், வயலுக்குப் போகிறவர், வீட்டு முன்பக்கத்தில் கடை வைத்திருக்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வேலையும் வீடும் ஒரே ஊருக்குள், பல நேரம் ஒரே கூரைக்குள் இருந்தன. நாசரேத்திலும் அப்படித்தான். ஊர்க்காரர்கள் இயேசுவை ஓரிடத்தில் "தச்சனுடைய குமாரன்" என்கிறார்கள், இன்னோரிடத்தில் "தச்சன்" என்றே சொல்கிறார்கள். தகப்பனின் தொழில் மகனுடைய தொழிலாகி இருக்கிறது. சுவிசேஷங்களில் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் பக்கத்தில் நின்று உளி பிடிக்கப் பழக்கிய வருஷங்கள் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கின்றன. போப்பாண்டவர் 12-ஆம் பியுஸ் 1955-இல் மே 1-ஐத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாக ஏற்படுத்தினார். தகப்பன் என்பதும் தொழிலாளி என்பதும் அந்த ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன.

சண்டை மூட்டியது தூரம். 1853-இல் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய முதல் பயணிகள் ரயில் இந்த நகரத்தை உருவாக்கியது. கூடவே, வேலை ஒரு முனையிலும் வீடு மறுமுனையிலும் இருக்கலாம் என்ற வாழ்க்கையையும் உருவாக்கியது. தாராவியில் பத்துக்குப் பத்து கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவர், பிள்ளைகளாவது நல்ல பள்ளியில் படிக்கட்டும், தனிக் கழிப்பறை உள்ள வீட்டில் இருக்கட்டும் என்று கடன் வாங்கி அம்பர்நாத்திலோ பத்லாபூரிலோ வீடு வாங்குகிறார். கடனின் தவணை பிள்ளைகளுக்காக. அந்தத் தவணைக்காகத் தினமும் 50 கிலோமீட்டருக்கு மேல் போய், அதே தூரம் திரும்பி வருகிறார். பிள்ளைகளுக்காக எடுத்த முடிவே பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தைத் தின்றுவிடுகிறது. இதில் அவர்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

தாராவியிலேயே தங்கிவிட்ட சிலருடைய நிலை வேறு. மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் விடிவதற்கு வெகு நேரம் முன்பே இட்லி அவித்து, தலையிலும் சைக்கிளிலும் கொண்டுபோய் விற்கிற நம்மவர்களைப் பாருங்கள். நடுராத்திரி தாண்டியதும் எழுந்திருக்கிறார்கள், உடம்பு நோக உழைக்கிறார்கள். ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா வீட்டில் இருக்கிறார். சம்பளத்தையும் வீட்டின் அளவையும் மட்டும் கணக்கில் எடுத்தால் இது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை யார் வாங்கித் தந்தது

வாரத்தில் ஒரு நாளாவது தகப்பன் வீட்டில் இருக்கிறான் என்றால் அது ஞாயிறு. அது வெள்ளைக்காரன் தன் மதத்துக்காகக் கொடுத்த விடுமுறை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மும்பை மில் தொழிலாளர்களைப் பொறுத்தவரை அது போராடி வாங்கிய நாள். ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே 1884-இல் மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் கண்டு, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று மனு மேல் மனு போட்டார். பல வருஷக் கூட்டங்களுக்குப் பிறகு 1890 ஜூன் 10-ஆம் தேதி மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இறங்கிவந்தார்கள். ஞாயிறு கண்டோபாவுக்கு உரிய நாள் என்பதும் லோகண்டே சொன்ன காரணங்களில் ஒன்று. மராட்டித் தொழிலாளி தன் குலதெய்வத்தின் நாளுக்காகக் கேட்டு வாங்கிய ஓய்வில்தான் தமிழ்க் கிறிஸ்தவத் தொழிலாளியும் தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆராதனைக்குப் போனான். நன்றியோடு நினைக்க வேண்டிய விஷயம் இது. எங்கள் சபைகளில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதற்கும் வெகு காலம் முன்னால் தெற்கிலே இதே கதை நடந்திருக்கிறது. தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், கூலியில்லாமல் அரசுக்குச் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்குப் பெயரே 'ஊழியம்'. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் ரெசிடென்டான கர்னல் மன்றோ அங்கே செல்வாக்கோடு இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. எங்கள் முன்னோர் பலருக்கு ஞாயிறு முதலில் விடுதலையாக வந்தது. ஆராதனை அந்த விடுதலைக்குள் நடந்தது. வேதமும் அப்படித்தான் சொல்கிறது. உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை, வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு" என்று காரணம் சொல்லிவிட்டு, எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய் என்பதை உடனே நினைப்பூட்டுகிறது.

இப்போது அந்த நாள் மெதுவாகக் கைநழுவிக்கொண்டிருக்கிறது. 2017-இல் வந்த மகாராஷ்டிரக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்படி கடைகளும் மால்களும் வாரம் ஏழு நாளும் திறந்திருக்கலாம். தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு, ஆனால் அது சுழற்சி முறையில் எந்த நாளாகவும் இருக்கலாம். மாலில் வேலை பார்ப்பவர், செக்யூரிட்டி, சாப்பாடு டெலிவரி செய்பவர், ஆஸ்பத்திரி ஊழியர், கால் சென்டர் இளைஞர் ஆகியோரிடம் கேட்டால் "எனக்கு வீக்லி ஆஃப் செவ்வாய்" என்பார்கள். செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை அப்பா டியூட்டியில். ஒரே வீட்டில் இரண்டு காலண்டர். ஞாயிறு லீவு உள்ளவர்களுக்கும் மெகா பிளாக் என்று ஒன்று இருக்கிறது. தண்டவாளப் பராமரிப்புக்காக லோக்கல்கள் குறைகிற நாளும் அதுதான். கோயிலுக்குப் போய்த் திரும்ப அரை நாள் ஆகிவிடுகிறது.

பிள்ளை பிறக்கிற நேரத்தில் சட்டம் தகப்பனைக் கண்டுகொள்வதேயில்லை. 2017 திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் கிடைக்கும். தனியார் துறைத் தகப்பனுக்குச் சட்டப்படி எதுவும் கிடையாது. இந்த மாநிலத்து எம்.பி.யாக இருந்த ராஜீவ் சாதவ் 2017-இல் தகப்பன்மாருக்கும் விடுப்பு கேட்டுத் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. என் முதல் பிள்ளை பிறந்த அன்று நான் வேலை பார்த்த இடத்தில் அரை நாள் லீவு கொடுத்தார்கள், அதையும் பிறகு விடுப்புக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் இருக்க, மறுநாள் காலை எட்டு மணி லோக்கலில் நின்றுகொண்டு போனது இன்னும் எனக்கு வலிக்கிறது.

ஊழியம் என்ற சொல்

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து வருகிற நெருக்கடி. உள்ளேயிருந்து வருவது இதைவிட எனக்குக் கவலையாக இருக்கிறது.

கூலியில்லாத கட்டாய வேலைக்குப் பெயராக இருந்த 'ஊழியம்', கிறிஸ்தவத் தமிழில் தேவனுக்கு மனமுவந்து செய்யும் சேவை என்று உயர்ந்தது. அழகான மாற்றம். ஆனால் காலப்போக்கில் அதன் வட்டம் குறுகிவிட்டது. இன்று எங்கள் சபைகளில் ஊழியம் என்றால் பிரசங்கம், பாடகர் குழு, வீட்டு ஜெபக் கூட்டம், ஓய்வுநாள் பள்ளி, ஆஸ்பத்திரி சந்திப்பு, கமிட்டி. ஆபீஸ் வேலைக்குப் பெயர் 'உலக வேலை'. வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்குப் பெயரே கிடையாது. மூன்றுக்கும் நடுவே இழுபறி என்று நாம் சொல்வதில் பாதி இந்தச் சொல்பாகுபாட்டிலிருந்து வருகிறது. சபைக் காரியம் தேவனுக்கு, ஆபீஸ் வயிற்றுக்கு என்று பிரித்துவிட்டால் வீட்டுக்கு மிச்சம்தான் கிடைக்கும். புதன் வீட்டு ஜெபம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாட்டுப் பயிற்சி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி என்று இருக்கிற ஒருவரைப் பார்த்து "ரொம்ப வைராக்கியமான சகோதரர்" என்கிறோம். அவருடைய மகளுக்கு எந்த வகுப்பு என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

வேதம் கேட்கிறது. ஏலி சீலோவில் ஆசாரியனாக இருந்தவர், தேவனுடைய சந்நிதியிலேயே வாழ்ந்தவர். தன் மகன்கள் செய்த பொல்லாப்பு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஜனங்கள் சொல்லித்தான் கேள்விப்படுகிறார். அதே ஆலயத்தில் அவரோடு வேலை செய்த மகன்களைப் பற்றி ஊரார் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குக் கீழ் வளர்ந்த சாமுவேலின் வீட்டிலும் பிற்பாடு இதே துக்கம் நடந்தது.

நவீன காலத்து மிஷன் வரலாற்றிலும் இது உண்டு. 1793-இல் வங்காளம் வந்த வில்லியம் கேரியின் மொழிபெயர்ப்பு வேலைகளை எல்லோரும் கொண்டாடுகிறோம். அவர் மனைவி டாரத்தி மனநோயால் வருஷக்கணக்காகத் துன்பப்பட்டு 1807-இல் இறந்தார். பையன்கள் கவனிப்பாரில்லாமல் முரட்டுத்தனமாக வளர்ந்தார்கள். பிற்பாடு செராம்பூர் வந்து சேர்ந்த ஹன்னா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் அவர்களைக் கையில் எடுத்து ஆளாக்கினார்கள். கேரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவ்வளவு பெரிய தேவ மனிதருக்கே இன்னொருவர் கை தேவைப்பட்டது. அப்படிக் கை கொடுக்க ஒரு சபை இருந்ததும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

இன்னொரு சொல்லைப் பார்க்க வேண்டும். வேலையே கதி என்று இருக்கிற தகப்பன்மார் எடுத்துச் சொல்லும் வசனம் 1 தீமோத்தேயு 5:8. தன் வீட்டாரை "விசாரியாமற்போனால்" ஒருவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று அது சொல்கிறது. சம்பாதித்துப் போட வேண்டும் என்பதே இதன் பொருள் என்று எடுத்துக்கொள்கிறோம். மூல மொழியில் அந்த அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது, விதவைகளைப் பராமரிப்பது பற்றிய இடம் அது. ஆனால் தமிழில் மொழிபெயர்த்தவர்கள் போட்ட சொல் 'விசாரி'. நம் வீடுகளில் விசாரிப்பது என்றால் என்ன? "சாப்பிட்டியா, காய்ச்சல் விட்டுச்சா, பரீட்சை எப்படி எழுதினே" என்று கேட்பது, கேட்டுவிட்டு நின்று பதிலையும் கேட்பது. அதே நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், தன் சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை "எப்படி விசாரிப்பான்" என்றும் வருகிறது. வீட்டுக்கும் சபைக்கும் ஒரே சொல். வரிசையில் வீடு முதலில். இந்தத் தமிழ்ச் சொல்லை நான் ஒரு வரமாக நினைக்கிறேன். பணம் அனுப்புவதால் மட்டும் விசாரிப்பு முடிந்துவிடாது என்பதை வேறு விளக்கமில்லாமல் அதுவே சொல்லிவிடுகிறது.

விசாரிப்பு இல்லாத இடத்தில் சிட்சை மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கிறோம். வாரம் முழுக்கப் பிள்ளைகள் கண்ணில் படாத அப்பா ஞாயிற்றுக்கிழமை மார்க் ஷீட்டைக் கையில் எடுக்கிறார். பிரம்பைப் பற்றிய நீதிமொழி அவருக்கு மனப்பாடம். எபேசியர் 6:4-ஐ அவர் முழுதாக வாசிக்க வேண்டும். "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று தொடங்கிய பிறகுதான் சிட்சையும் போதனையும் வருகின்றன. அந்த நிருபம் எழுதப்பட்ட ரோம உலகில், குடும்பத்தின் மூத்த தகப்பனுக்குப் பிள்ளைகளின் உயிர்மேலேயே சட்ட அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தைப் பார்த்து 'கோபப்படுத்தாதே' என்று சொன்னது சின்ன விஷயமல்ல. கொலோசெயர் 3:21 காரணத்தையும் சொல்கிறது: பிள்ளைகள் "மனந்தளர்ந்துபோகாதபடி". மனந்தளர்ந்த பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று தெரிய, தகப்பன் அந்த முகத்தை அடிக்கடி பார்த்திருக்க வேண்டும்.

லுத்தர் திருமணத்தைப் பற்றி 1522-இல் எழுதியதில் ஒரு இடம் உண்டு. தகப்பன் ஒருவன் குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கிறான், பார்க்கிறவர்கள் பெண்பிள்ளை வேலை என்று சிரிக்கிறார்கள். அவன் அதை விசுவாசத்தோடு செய்வதால் தேவனும் தூதர்களும் மகிழ்ந்து சிரிக்கிறார்கள் என்கிறார் அவர். 500 வருஷத்துக்கு முந்தைய எழுத்து. மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களில் நர்ஸ்கள் நிறைய. மனைவிக்கு நைட் டியூட்டி விழுகிற வாரங்களில் பால் காய்ச்சி, தலை பின்னி, டப்பா கட்டி அனுப்புகிற ஆண்கள் எங்கள் சபையிலேயே பலர் இருக்கிறார்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் இதைச் சொல்ல அவர்கள் கூச்சப்படுகிறார்கள். ஊழியம் என்ற சொல்லுக்குள் இது வராததால்தான் அந்தக் கூச்சம்.

சுதந்தரம்

மொழிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகப் புரியாது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. ஆனாலும் பெரும்பாலோர் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்க்கிறோம். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தெருவில் இந்தி, பள்ளியில் மராட்டி ஒரு பாடம். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. ஊரில் பல தலைமுறைக்குத் தமிழ் வாசிக்கப் பழக்கியதே குடும்ப ஜெபத்தில் சுற்றி வந்த அந்த ஒவ்வொரு வசனம்தான். இங்கே சுற்று பிள்ளையிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. நாங்கள் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம் மிஷனரி ஹென்றி பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு. எங்களுக்கே சில சொற்கள் தூரம். பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிறு மாலை 127-ஆம் சங்கீதம். "நீங்கள் அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையிலே தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா" என்று நான் வாசித்தேன். வாசிக்கும்போதே டோம்பிவிலி பிளாட்பாரம் கண்முன் வந்தது. அடுத்து, "இதோ, பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்." மகள் நிறுத்தினாள். "சுதந்தரம்னா ஆசாதிதானேப்பா? பிள்ளைங்க எப்படி ஆசாதி?" இந்தச் சுதந்தரம் வேறு, தாத்தா அப்பாவுக்கு விட்டுப்போகிற சொத்து மாதிரி, பங்கு மாதிரி என்று விளக்கினேன். "அப்போ நாங்க உங்க சொத்தா?" "என் சொத்து இல்லம்மா, கர்த்தர் எனக்குக் கொடுத்த பங்கு." அப்புறம் மகன், இட்லி விற்கிற பெரியப்பாவும் அதிகாலையில்தானே எழுந்திருக்கிறார், அதுவும் விருதாவா என்று கேட்டான். அன்றைக்குப் பாட்டும் பாடவில்லை, ஜெபமும் இரண்டு வரிதான். ஆனால் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பாதி தமிழ், பாதி இந்தி. ஒரே சங்கீதத்தில் வேலையின் களைப்பும், தூக்கமும், பிள்ளைகளும் அடுத்தடுத்த வரிகளாக இருப்பதை அத்தனை வருஷம் வாசித்தும் நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

உபாகமம் 6:7 பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும்போது தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் என்று நான்கு சாதாரண வேளைகளைச் சொல்கிறது. மும்பையில் முதலாவது கிடைப்பது அபூர்வம். 'வழியில்' மட்டும் தாராளமாக உண்டு. செவ்வாய் ஓய்வுநாள் உள்ள ஒரு சகோதரர் அன்றைக்குப் பிள்ளையை வேனில் அனுப்பாமல் தானே நடத்திக் கூட்டிப்போகிறார், இருபத்தைந்து நிமிஷம். நைட் ஷிஃப்டில் இருக்கும் ஒருவர் தினமும் ஒரு சங்கீதத்தைத் தன் குரலில் பதிந்து வாட்ஸாப்பில் அனுப்புகிறார், பிள்ளைகள் பல் தேய்க்கும்போது கேட்கிறார்கள். விளக்கு வைத்த நேரத்து ஜெபத்துக்கு இவை ஈடாகாது. ஆனால் தகப்பனின் குரல் வீட்டுக்குள் இருக்கிறது.

சபைகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கிற ஆண்களை வாரத்தில் ஒரு பொறுப்புக்கு மேல் கூப்பிடாதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி வைக்காதீர்கள். வீக்லி ஆஃப் வேறு நாளில் உள்ள குடும்பங்களுக்கு வார நாள் மாலையில் ஒரு சிறு ஆராதனை நடத்துங்கள். மாஹிம் மாதா கோயிலின் புதன்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் ஜனங்கள் திரளாக வருகிறார்கள். ஞாயிறு கிடைக்காதவனுக்கு வார நாளிலும் தேவனுடைய வாசல் திறந்திருக்க வேண்டும் என்பது அங்கே போய் நின்றால் தெரியும்.

என் அப்பா மஸ்ஜித் பந்தரில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதினார். அவர் வீட்டில் இருந்த நேரம் என்று எனக்கு அதிகம் நினைவில்லை. காலை ஐந்து மணி சுமாருக்கு முகம் கழுவிவிட்டு வந்து, தூங்கிக்கொண்டிருக்கும் எங்கள் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டுப் போவார். கை ஜில்லென்று இருக்கும். நான் பல நாள் முழித்துக்கொண்டே தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். இப்போது நானும் அதையே செய்கிறேன், கூடியவரைக்கும் விடாமல். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ரயில்கள் தாமதம் என்று கேட்டு அவசரமாகக் கிளம்பிவிட்டேன். தாணே தாண்டும்போது போன். மகன். "அப்பா, இன்னைக்கு நீங்க கை வைக்கலையே." கூட்டத்தில் கையைத் தூக்க இடமில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே தமிழில் ஜெபித்தேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதர் தன் பையை மறுதோளுக்கு மாற்றி, என் முழங்கைக்குக் கொஞ்சம் இடம் விட்டார்.